வராத பெனிசிலினும் வாங்க முடியாத பாட்டிலும்

1980-களின் தொடக்கத்தில், தஞ்சை மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்துக் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பிவலை போட்ட சன்னல், அதில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. விடிந்ததும் வெளியே வரிசை நின்றுவிடும். கார்மினேட்டிவ் மிக்சருக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டு வந்தவர்களுக்கு வாசல் பெட்டிக்கடையில் கழுவிய பாட்டில் காசுக்குக் கிடைக்கும். மாத்திரைகள் ஆயிரம் கொள்ளும் டப்பாக்களில் வரும். தட்டில் கொட்டி, சின்னத் தகட்டால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, பழைய தினசரியில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் டப்பாவின் அடியில் கிடக்கும் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொடிந்திருக்கும்.

அந்தக் கவுன்டருக்கு வந்தவர்களில் இரண்டு பேரை இன்னும் மறக்கவில்லை.

ஒருத்தி பத்து வயதுப் பெண். நடவுக்குப் போகும் அம்மாவோடு வருவாள். மூட்டு வீங்கிக் காய்ச்சலோடு வந்தவளுக்கு இதய வால்வு பழுதாகியிருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார். தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டைத் தொட்டு, இதயத்தைப் பிடித்துக்கொள்ளும் ருமாட்டிக் காய்ச்சல். நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழைப் பிள்ளைகளைத்தான் அது அதிகம் தேடி வரும். அடுத்த முறை அந்தக் காய்ச்சல் வந்தால் வால்வு இன்னும் கெடும். வராமல் தடுக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சாதின் பெனிசிலின் ஊசி, 12 லட்சம் யூனிட். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, பெரியவளாகும்வரை, சிலருக்கு நாற்பது வயதுவரை போட வேண்டியிருக்கும்.

அந்த ஊசியைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி. காய்ச்சி வடித்த நீரை உள்ளே ஏற்றிக் குலுக்கினால் கெட்டியான கலவையாகும். கலக்கிய கையோடு போட்டுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊசித் துளையில் அடைத்துக்கொள்ளும். பருமனான ஊசிதான் எடுபடும். போட்ட இடம் இரண்டு நாள் கனக்கும். அந்தப் பெண் ஊசி போடும் மேசையருகில் போனதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், ஆனால் அழமாட்டாள். அவள் அம்மா கவுன்டருக்கு வந்து கேட்பார்:

"கம்பவுண்டரய்யா, அடுத்த தடவைக்கு ஊசி இருக்குமில்ல? வந்துட்டு வெறுங்கையோட திரும்பினா ஒரு நாள் கூலி போயிரும்."

"இருக்கும்மா. நீ பொண்ண அழைச்சுக்கிட்டு வா."

அப்படித் தைரியமாகச் சொல்ல முடிந்தது. பெனிசிலின் செய்ய என்றே புனே அருகே பிம்ப்ரியில் 1954-ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதற்குத் துணை நின்றன. மற்ற மருந்துகள் சில மாதங்களில் வராமல் போகும், பெனிசிலின் வந்துவிடும்.

இன்னொருவர் பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர். வயிற்றின் இடப்பக்கம் கனமாக இருக்கிறது என்று வந்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது. தஞ்சை மருத்துவக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனை செய்து, நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று எழுதி அனுப்பினார்கள். அப்போது இருந்தது புசல்பான் மாத்திரை. வெள்ளை அணுக்களை அது கொஞ்ச காலம் அடக்கி வைக்கும், நோயை நிறுத்தாது. அவருடைய தம்பியைத் தனியே கூப்பிட்டு டாக்டர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மூன்று நான்கு வருடங்களில் அவர் போய்விட்டார். அவருக்குக் கொடுக்க உலகத்திலேயே மருந்து இருக்கவில்லை. அதனால் விலை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

இன்று அந்த இரண்டு பேரும் புதிதாக வந்து நின்றால் நிலைமை தலைகீழ். ஆசிரியர் பிழைத்துக்கொள்வார். தினம் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார், பணி ஓய்வு பெறுவார், பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஊசி இருக்கும் என்று மட்டும் என்னால் தைரியமாகச் சொல்ல முடியாது. உலகத்திலேயே இல்லாதிருந்த மருந்து கைக்கு வந்துவிட்டது. கையில் இருந்த மருந்து நழுவிவிட்டது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது, இந்த நாடு மருந்து விலையைக் கையாண்ட விதம். அதில் பாதியை மிக நன்றாகச் செய்தோம், மீதிப் பாதியைத் தொடவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கவுன்டரில் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நன்றாகச் செய்த பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960 வாக்கில் அமெரிக்க செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு மருந்து விலைகளை ஆராய்ந்தபோது, உலகிலேயே மருந்துக்கு மிக அதிக விலை கொடுக்கும் நாடுகளில் ஒன்று இந்தியா என்று பதிவு செய்தது. அத்தனை ஏழை நாட்டில் அத்தனை விலை. வெள்ளைக்காரன் காலத்துக் காப்புரிமைச் சட்டம் அப்போதும் நடப்பில் இருந்ததுதான் காரணம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என்.ராஜகோபால ஐயங்கார் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து 1959-ல் அறிக்கை கொடுத்தார். அதன் வழியில் வந்ததுதான் 1970-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம். 1972-ல் நடைமுறைக்கு வந்த அது, மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு, அதுவும் ஐந்திலிருந்து ஏழு வருடங்களுக்குத்தான் என்றது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவர் செய்யலாம். அதே 1970-ல் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. 1979-ல் அது 347 மூலமருந்துகளைக் கட்டுக்குள் கொண்டுவந்தது.

இரண்டும் சேர்ந்து ஒரு தலைமுறை வேதியியலாளர்களை உருவாக்கின. பம்பாயிலும் ஐதராபாத்திலும் நம் கடலூரிலும் ஆலைகள் எழுந்தன. வெளிநாட்டில் ஒரு மருந்து வந்த சில வருடங்களில் நம்மவர் தயாரித்த மாத்திரை கடைக்கு வந்துவிடும். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனாலும் விலை குறைந்த மாத்திரை என் கவுன்டருக்கு வந்து சேர 1995 ஆக வேண்டியிருந்தது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதற்கு முன் மருந்து வாங்கும் அமைப்பு சிதறிக் கிடந்தது. நாங்கள் எழுதிக் கேட்பது ஒன்று, மாதங்கள் கழித்து வருவது ஒன்று. வெளியே விலை மலிந்திருந்தும், உள்ளே "இல்லை, வெளியில வாங்கிக்கங்க" என்று சீட்டெழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. அடுத்த வருடம் முதல் மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம். எங்களுக்கு ஒதுக்கிய தொகைக்குள் எங்களுக்குத் தேவையானதை நாங்களே எடுத்துக்கொள்ளலாம். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டதால் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்தன. பணமும் காலத்தில் போய்ச் சேர்ந்தது.

முதல் லாட் வந்த நாள் நினைவிருக்கிறது. டப்பா இல்லை, உதிரி மாத்திரை இல்லை. ஒவ்வொன்றும் ஸ்ட்ரிப்பில், அதன் மேல் தமிழ்நாடு அரசு முத்திரை. மாத்திரையை ஸ்ட்ரிப்போடு வாங்கிய ஒரு கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நெசமாவே எனக்கா தம்பி?" என்று கேட்டார். மழைக்காலத்திலும் பொடியாத மாத்திரை. ராஜஸ்தானும் கேரளமும் பின்னாளில் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. விலையைக் கட்டிவைப்பது ஒரு வேலை, வாங்கிக் கொண்டுவந்து சேர்ப்பது வேறொரு வேலை. இரண்டாவதைச் செய்த மாநிலம் என்ற பெருமை நமக்கு உண்டு.

எய்ட்ஸ் மருந்தில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2001-ல் பம்பாய் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, மேல்நாடுகளில் ஒரு நோயாளிக்கு வருடம் 10,000 டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்த கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாம்பரம் சானடோரியத்தில் படுத்துக் கிடந்த எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அந்த 350 டாலரும் எட்டாத தொகை. 2004 ஏப்ரலில் மத்திய அரசு அந்த மாத்திரைகளை வாங்கி இலவசமாகத் தரத் தொடங்கிய பிறகுதான் தாம்பரத்தில் சாவு குறைந்தது. நம் நாட்டில் செய்த மாத்திரை நம் நோயாளியின் கைக்கு வர மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தில் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

முதலீடு பற்றிப் பேசுகிறவர்கள், விலையைக் குறைத்தால் புது மருந்துக்கு யார் பணம் போடுவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதிலை ஐதராபாத்தில் பார்த்தோம். 1990-களில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒரு டோஸ் பல நூறு ரூபாய், மூன்று டோஸ் போட வேண்டும். ரத்தத்தோடு தினமும் புழங்கும் நர்ஸுகளும் ஆய்வகக்காரர்களும்கூட அதைப் போட்டுக்கொள்ள வழியில்லாமல் இருந்தார்கள். கே.ஐ.வரபிரசாத ரெட்டி என்ற பொறியாளர் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அந்த ஊசியை இங்கேயே செய்யப் புறப்பட்டார். முதலில் கைகொடுத்தது ஓமன் நாட்டுப் பணம். நம் அரசின் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியமும் பிறகு கடன் கொடுத்தது. நம் முதலீட்டாளர்கள் முன்வர அஞ்சினார்கள். 1997-ல் ஊசி வெளிவந்தபோது விலை 50 ரூபாய். மலிவாக விற்றும் அந்த நிறுவனம் நன்றாகவே நடந்தது, ஏனென்றால் கோடிக்கணக்கில் விற்றது, யுனிசெஃபும் வாங்கியது. பின்னாளில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் பெரும் பணம் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. குறைந்த விலை முதலீட்டை அடித்து விரட்டும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்துகிற உண்மை அல்ல. வாங்குகிறவர் நிச்சயமாக இருந்தால் முதலீடு வரும்.

ஆனால் அது, முன்பே கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றை நாமும் செய்த கதை. ஆசிரியரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மாத்திரையின் கதை வேறு. அந்த ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமான குரோமோசோம் 1960-ல் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்டது. அதிலிருந்து நாற்பது வருட ஆராய்ச்சி, பல்கலைக்கழகங்களின் உழைப்பு, அரசுப் பணம், கடைசியில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் முதலீடு. எல்லாம் சேர்ந்து 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. இதை நாம் கண்டுபிடிக்கவில்லை. நம்முடைய 1970-ம் வருடத்துச் சட்டம் செய்யும் கையை வளர்த்தது, கண்டுபிடிக்கும் தலையை வளர்க்கவில்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அந்த மாத்திரை இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 1.2 லட்சம் ரூபாய். நம் கம்பெனிகள் செய்தது மாதம் 8,000-லிருந்து 10,000-க்குள். உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005-ல் மருந்துக்கே காப்புரிமை தர வேண்டி வந்தது. ஆனால் பழைய பொருளில் சின்ன மாற்றம் செய்துவிட்டுப் புதுக் காப்புரிமை கேட்க முடியாதபடி 3(டி) என்ற பிரிவைச் சட்டத்தில் சேர்த்து வைத்தார்கள். இமாட்டினிப் வழக்கின் பெரும்பகுதி சென்னையில்தான் நடந்தது. 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007-ல் அந்தப் பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளி வழக்கை முடித்து வைத்தது. இன்று அந்த மாத்திரை மாதம் சில ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு அந்த ஆசிரியரின் முகம்தான் வந்தது. புசல்பான் சீட்டை நீட்டிக்கொண்டு சன்னலுக்கு வெளியே நின்ற முகம்.

சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்சாவர் மாத்திரையை, காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே வேறொரு கம்பெனி செய்யலாம் என்று 2012-ல் அரசு கட்டாய உரிமம் கொடுத்ததும் இதே வரிசையில் வருவது. மாதம் 2.8 லட்சம் ரூபாய் மருந்து 9,000 ரூபாய்க்குள் வந்தது. சென்னையிலிருந்த மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவர் நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் அடுத்த வருடம் அதை உறுதி செய்தார். அதற்குப் பின் இந்தியா வேறு எந்த மருந்துக்கும் கட்டாய உரிமம் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டிய மருந்துகள் இருந்தன.

இனி மீதிப் பாதி.

நான் ஓய்வு பெற்ற பிறகு அக்கா மகன் நடத்தும் மெடிக்கலில் மாலை நேரம் உட்கார ஆரம்பித்தேன். சும்மா இருக்க முடியாததால் போனதுதான். ஒரு நாள் கல்லூரி மாணவி ஒருத்தி அம்மாவோடு வந்தாள். சீட்டில் பென்சாதின் பெனிசிலின், 12 லட்சம் யூனிட். அதே நோய், அதே ஊசி.

"அண்ணே, நாலு கடை ஏறி இறங்கிட்டோம். எங்கயும் இல்லங்கறாங்க. நாள் தள்ளிப் போகுதுண்ணே" என்றார் அந்த அம்மா.

நான் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். "கம்பெனியே போடல சார். எப்ப வரும்னு சொல்ல மாட்டேங்கறான்" என்றார். திருச்சிக்குக் கேட்டேன், மதுரைக்குக் கேட்டேன். கடைசியில் ஒரு நண்பர் தன் கடையில் கிடந்த இரண்டு குப்பியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அதன் விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைவிடக் குறைவு. அந்த விலைதான் அதற்கு வினையாகிவிட்டது.

இந்த மருந்துக்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. 2013-ல் புதிய விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு அந்த விலை, சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள பிராண்டுகளின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. செய்ய என்ன செலவாகிறது என்று அந்த ஆணை கேட்பதில்லை. பெனிசிலினுக்கு ஆதாரமான பெனிசிலின்-ஜி ஒரு காலத்தில் இங்கேயே தயாரானது; கடலூரில்கூட ஸ்பிக் நிறுவனத்தின் ஆலை இருந்தது. சீனாவிலிருந்து அடிமட்ட விலைக்கு வந்து குவிந்ததும் நம் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. போட்டி அழிந்த பிறகு அங்கே விலை ஏறினாலும், டாலர் ஏறினாலும், இங்கே உச்ச விலை வருடத்துக்கு ஒருமுறை மொத்த விலைக் குறியீட்டின் அளவுக்குத்தான் நகரும். நஷ்டத்தில் செய்ய எந்தக் கம்பெனிக்கும் மனமில்லை. காப்புரிமை இல்லாத, லாபமில்லாத, ஆனால் ஒரு பிள்ளையின் இதயத்தைக் காக்கும் மருந்து இப்படித்தான் அலமாரியிலிருந்து காணாமல் போனது.

2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்ச விலையை 50 சதவீதம் உயர்த்தியது. பென்சைல் பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், அட்ரோபின், சால்பூட்டமால், லித்தியம் என்று போகும் அந்தப் பட்டியல். எல்லாமே நான் தினமும் எடுத்துக் கொடுத்த மருந்துகள். கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் தயாரிப்பை நிறுத்த அனுமதி கேட்டதால் விலையை உயர்த்துகிறோம் என்று ஆணையமே சொன்னது. மருந்து விலை ஏறியது என்ற செய்தியைப் படித்து மகிழ்ந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதே மாதம் காக்கிநாடாவில் பெனிசிலின்-ஜி ஆலை ஒன்றும் திறக்கப்பட்டது. உள்நாட்டிலேயே மூலமருந்து செய்வதற்கான ஊக்கத் திட்டத்தை மத்திய அரசு 2020-ல் அறிவித்ததன் விளைவு அது. நல்ல வேலை. பதினைந்து வருடம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

இதைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரனுக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் விவசாயியிடம் நெல்லை இலவசமாகக் கேட்பதில்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று ஆதார விலை கொடுத்து அரசு வாங்குகிறது. வாங்குகிற இடத்தில் ஒரு விலை, கொடுக்கிற இடத்தில் வேறு விலை, நடுவில் விழும் துண்டை அரசு தாங்குகிறது. மருந்தில் நாம் ரேஷன் கடையை மட்டும் வைத்தோம், கொள்முதல் நிலையத்தைத் திறக்கவில்லை. பெனிசிலினுக்கு ஐந்து வருடத்துக்கு இவ்வளவு குப்பி, இந்த விலைக்கு வாங்குகிறோம் என்று மத்திய அரசு எழுத்தில் கொடுத்தால் செய்ய ஆள் வரும்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. 2019 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தினார்கள். காப்புரிமை பெற்ற புது மருந்துக்குச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வருடம் விலக்கு. அரிய நோய் மருந்துகளுக்கும் விலக்கு. ஆராய்ச்சியில் முதலீடு வர வேண்டும் என்பது காரணம். காப்புரிமை மருந்துகளுக்குப் பேரம் பேசி விலை வைப்பது எப்படி என்று ஆராய 2007-ல் ஒரு குழு போட்டார்கள். 2013-ல் அது அறிக்கை கொடுத்தது. அதன்மேல் எதுவும் நடக்கவில்லை. ஆக, ஒரு வேளைச் சோற்று விலையுள்ள பெனிசிலினுக்குக் கடிவாளம் உண்டு. கோடி ரூபாய் மருந்துக்கு இல்லை. கட்டுப்பாடு யாருக்காக வந்ததோ அவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

கோடி ரூபாய் என்று வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் பற்றி நம் ஊரில் பலருக்கும் தெரிய வந்தது, 16 கோடி ரூபாய் ஊசி என்று செய்தி வந்தபோது. ஒரு ஊசிக்காக ஊர் ஊராக உண்டியல் குலுக்கினார்கள், பள்ளிப் பிள்ளைகள்கூடச் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஈரம் பெரியது. ஆனால் எந்தப் பிள்ளையின் படம் செல்போனில் வேகமாகப் பரவுகிறதோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் மருந்து என்பது ஒரு நாட்டின் கொள்கையாக இருக்க முடியாது.

அதே நோய்க்கு வாயில் ஊற்றிக் குடிக்கும் மருந்து ரிஸ்டிப்லாம். அமெரிக்காவில் பெற்றோர்கள் தொடங்கிய அறக்கட்டளை ஒன்று, பி.டி.சி. என்ற சிறிய நிறுவனம், ரோஷ் என்ற பெரிய நிறுவனம் மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. அந்த முதலீட்டுக்கு நான் தலைவணங்குகிறேன். அது இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு எதுவுமே இல்லை. இந்தியாவில் ரோஷ் வைத்த விலை பாட்டிலுக்கு 6.2 லட்சம் ரூபாய். ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம் மருந்து. எடை 20 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்குத் தினம் 5 மில்லிகிராம். பன்னிரண்டு நாளில் பாட்டில் காலி. வருடத்துக்கு முப்பது பாட்டில், 1.86 கோடி ரூபாய், ஆயுள் முழுவதும். அரிய நோய்களுக்கு மத்திய அரசு ஒரு நோயாளிக்குத் தருவது அதிகபட்சம் 50 லட்சம். அந்த விலையில் அது மூன்று மாதத்துக்குப் போதும். நான்காவது மாதம் மருந்து நின்றால், தூக்கிய கை மறுபடி கீழே விழும்.

ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் இதைச் செய்ய முன்வந்தது. காப்புரிமை வழக்கு நடந்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதிக்க மறுத்தார், அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. பாட்டில் 15,900 ரூபாய்க்கு வந்தது. மூன்று மாதத்தில் கரைந்துபோகும் அந்த 50 லட்சம் இந்த விலையில் பத்து வருடத்துக்கு வரும். கணக்கைப் போட்டுவிட்டு நான் மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

ரோஷ் போன்றவர்கள் நாளைக்கு இங்கே புது மருந்து கொண்டுவரத் தயங்கலாம் என்ற பயம் பொய்யல்ல. அதற்கு மாற்று நம்மிடம் தொடங்கியிருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் பொதுப்பணத்தின் துணையோடு உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் மூன்று கோடிக்கும் மேல் ஆகும் சிகிச்சை, இங்கே அதில் பத்தில் ஒரு பங்கு அளவில். ஏழைக்கு இதுவும் எட்டாதுதான். ஆனால் கண்டுபிடிக்கும் செலவை வரிப்பணம் ஏற்றால், அந்தச் செலவைக் காரணம் காட்டி நோயாளியின் தகப்பனிடம் கோடிகள் கேட்க முடியாது. அரசு ஆராய்ச்சிக்குப் போடும் பணத்தோடு, விலை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையையும் எழுதி வாங்க வேண்டும். முதல் ரூபாய் கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு தகப்பனார் வேன் ஓட்டுகிறார். மகனுக்கு ஒன்பது வயது, 22 கிலோ, அதே தசைச் சிதைவு நோய்தான். பழைய விலையில் அவர் மருந்தைப் பற்றி விசாரித்ததே இல்லை, விசாரித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். புது விலை வந்த பிறகு என்னிடம் வந்தார்.

"மாமா, மாசம் நாப்பதாயிரம் ஆகும்ங்கறாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில வருமா?"

வராது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காப்பீடு வருடம் ஐந்து லட்சம்வரை தருகிறது, ஆனால் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. வீட்டில் தினமும் ஊற்றிக் குடிக்கும் மருந்துக்கு அதில் இடமில்லை. இவருக்கு வருடம் ஆகும் செலவோ 4.8 லட்சம், அட்டையில் எழுதியிருக்கும் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். எட்டாத விலையில் இருந்தவரை எந்த அரசும் கையை விரிக்கலாம். இப்போது அப்படியில்லை. 1995-ல் ஸ்ட்ரிப்பில் முத்திரை குத்தி என் கவுன்டருக்கு மாத்திரை அனுப்பிய அதே கழகம், மாநிலத்தில் இந்த நோயுள்ள பிள்ளைகளைக் கணக்கெடுத்து, மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கினால் விலை இன்னும் இறங்கும்.

அவருக்காக முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் சுகாதாரத் துறைக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டாக்டரின் சான்று, எடைக் குறிப்பு, பாட்டில் கணக்கு எல்லாவற்றையும் இணைத்தாகிவிட்டது. ஊர்க்காரர்களும் வேன் ஸ்டாண்டுக்காரர்களும் சேர்ந்து மூன்று மாத மருந்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். முதல் பாட்டிலைப் பையன் குடிக்கத் தொடங்கிவிட்டான். அரசு இந்த மூன்று மாதத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.